ரயில் மாடலில் பொம்மைகளை வைத்துச் சிரிப்பு வரவழைப்பது எப்படி?

கேள்வி:
எட்டடிக்கு நாலடி பலகையில், 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) ஒரு ஜெர்மன் கிராமத்து ஸ்டேஷன் செய்திருக்கிறேன். பிளாட்பாரத்தில் முப்பது பொம்மைகள், ரேஷன் வரிசை மாதிரி விறைப்பாக நிற்கின்றன. ஒருவரின் பெட்டி திறந்து துணி சிதறுவதுபோல் வைத்தேன். பார்க்க வந்த யாரும் கவனிக்கவில்லை. என்ன தப்பு?

பதில் 1:
சிதறிய துணியை வேறு பொம்மை எதுவும் பார்க்கிறதா? ஆள் உயரமே 2 செ.மீ.தான். இரண்டு பேரை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள், நம் கண்ணும் தானாகப் போகும். என் மாடலில் ஒருவர் பெஞ்சுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கிறார். பக்கத்தில் நிற்கும் கோட்டுக்காரர் முதுகில் ஏற்கெனவே மூன்று பச்சைக் கோடு. பல்குச்சி நுனியால் போட்டது. நாலு முறை சொதப்பினேன்.

பதில் 2:
ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருக்கும் பெரிய ரயில் மாடல் கண்காட்சியான மினியேச்சர் வுண்டர்லாண்டும் இதே 1:87தான். அங்கே குறும்புக் காட்சிகளை மூலைமுடுக்கில் ஒளித்து வைத்திருப்பார்கள், தேடிப் பிடிப்பதே சுகம். பலகை முழுக்கக் கூத்து வேண்டாம், ரெண்டு மூன்று போதும். அப்புறம், கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் சூப்பர் க்ளூ வேண்டாம், ஆவியில் வெள்ளை படிந்துவிடும். பொம்மைக்கு வெள்ளைப் பசையே போதும்.

கேட்டவர்:
ஸ்டேஷன் மாஸ்டரைத் திருப்பி வைத்தேன். இப்போது அவர் முறைப்பது பெட்டியிலிருந்து சிதறிய அந்த உள்பனியனைத்தான். மனைவி பார்த்ததும் சிரித்துவிட்டாள்.