மேற்பார்வையாளர் வந்த நாள்: அங்கன்வாடிக்காரங்க, மனசை விட்டுப் போகாத ஒண்ணைச் சொல்லுங்க

பால்வாடி டீச்சர்
போன ஆடி மாசம். வருகை, எடையெல்லாம் ஏத்துற போஷன் டிராக்கர் ஆப்ல முந்தின நாள் வருகை ஏறல, நெட் இல்ல. மத்தது உங்களுக்கே தெரியும். மேற்பார்வையாளர் 19 பிள்ளைங்க முன்னாடி என்னை நிக்க வச்சுத் திட்டினாங்க. அதைக்கூட விடுங்க. அவங்க வண்டி தெருமுனை தாண்டல, நாலு வயசுப் பொண்ணு ஒண்ணு மூணு பொம்மையச் சுவரோரம் சாய்ச்சு வச்சு, ஒத்தை விரலை நீட்டி, "ரெஜிஸ்டர் எங்க? கேக்குறேன்ல!"ன்னு அதட்டுது. ஒரு பொம்மையோட தலைய மட்டும் கீழ அமுக்கி விட்டுருந்தா. "இது நீங்க டீச்சர்"னா.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்
திட்டினது தப்பும்மா. ஆனா அதுக்காக ரெஜிஸ்டரே வேண்டாம்னு யாராவது சொன்னா ஒத்துக்க மாட்டேன். ஒரு மையத்துல ஒரு பையனோட வளர்ச்சி அட்டையில எடைக் கோடு மூணு மாசமா ஏறாமப் படுத்தே கிடந்துச்சு. பாக்க நல்லாத்தான் இருந்தான். அட்டையப் பாத்ததாலதான் பிடிச்சோம். 1975-ல அங்கன்வாடித் திட்டம் (ICDS) தொடங்கினப்பவே ஊட்டச்சத்தும் முன்பருவக் கல்வியும் ஒரே கூரைக்குக் கீழதான் வச்சாங்க.

புதுசா மேற்பார்வைக்கு வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். போன உடனே நோட்டைக் கேக்காதீங்க. செருப்பைக் கழட்டிட்டுப் பிள்ளைங்களோட பாய்ல உக்காருங்க. பாட்டு முடியட்டும். டீச்சர் எந்தப் பிள்ளைய எப்படிக் கூப்பிடுறாங்கன்னு பாருங்க, பாதி விஷயம் அதுலயே தெரியும். குறை இருந்தா பிள்ளைங்க தூங்கினப்புறம் தனியாச் சொல்லுங்க. நல்லதை மட்டும் உதவியாளர் காதுல விழற மாதிரி சொல்லுங்க. அடுத்த தடவை போறப்ப, போன தடவை சொன்னது என்னாச்சுன்னு மறக்காமக் கேளுங்க.

கொங்கு அக்கா
அம்மா சொல்றது சரிதானுங்க, ஆனா இங்க கேட்டது மனசை விட்டுப் போகாத ஒண்ணை. எங்க மேற்பார்வையாளரம்மா ஒரு நாள் வந்தப்போ நான் கதை சொல்லிட்டே போன்ல எடை ஏத்திட்டிருந்தேன். போனைக் கையிலிருந்து வாங்கிட்டாங்க. "எடைய நான் ஏத்துறேன், நரி என்னாச்சுன்னு நீ சொல்லு கண்ணு"ன்னாங்க. பிள்ளைங்களோட அவங்களும் கடைசி வரைக்கும் கேட்டாங்க.

பால்வாடி டீச்சர்
அக்கா, அப்படி ஒருத்தர் இப்ப எங்களுக்கும் வந்திருக்காங்க. சிரிச்சுக்கிட்டேதான் உள்ள வந்தாங்க. கையில ஃபைலைப் பாத்ததும் பிள்ளைங்க சத்தமில்லாம எந்திரிச்சு, வரிசையாச் சுவரோரம் போய் நின்னுட்டாங்க.