மதீனா அருங்காட்சியகம் போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

அஸ்ஸலாமு அலைக்கும். அடுத்த மாதம் அத்தா, அம்மாவோடு உம்ரா போகிறோம், இன்ஷா அல்லாஹ். மதீனாவில் நான்கு நாள். ஜியாரத் (புனிதத் தலங்களைப் போய்ப் பார்ப்பது) இடங்களுக்கு ஏஜென்சி பஸ் உண்டு, ஆனால் பழைய ஹிஜாஸ் ரயில் நிலையத்தில் இருக்கும் அருங்காட்சியகம் அவர்கள் பட்டியலில் இல்லை.

அத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர். திமிஷ்கில் (டமாஸ்கஸ்) இருந்து 1908-இல் மதீனா வரை வந்து சேர்ந்த தண்டவாளம் அது, அகலம் 1050 மில்லிமீட்டர் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "நம்ம மீட்டர் கேஜை விட அஞ்சு சென்டிமீட்டர்தான் கூட!" அதிலிருந்து தினமும் அதே பேச்சு. முதல் உலகப் போரில் பாதை சிதைந்து, மதீனாவுக்கு வண்டி வருவது நின்றுபோனது என்றேன். அதற்கு மட்டும் பதில் பேசவில்லை.

அங்கே நிற்கும் பழைய நீராவி எஞ்சினையும் பெட்டிகளையும் கிட்டே போய்ப் பார்க்க விடுகிறார்களா? அவருக்கு முட்டிவலி, சக்கர நாற்காலி உள்ளே போகுமா? அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு திறந்திருக்கிறதா? டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுக்க வேண்டுமா?

அப்புறம், தார் அல் மதீனா அருங்காட்சியகத்தில் பழைய நகரத்தின் மாதிரிகள் வைத்திருக்கிறார்களாமே, அம்மாவுக்கு அது பிடிக்கும். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் வயதானவர்களுக்குத் தாங்குமா? இந்த ஆண்டு போனவர்கள் சொன்னால் நல்லது. ஜஸாக்கல்லாஹ் ஹைரன்.