பாட்டுக்குப் பாட்டு வால்யூம் எகிறுவது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

முதல் பதிவு
நள்ளிரவு, ஹெட்போன், ஷஃபிள். பழைய மோனோ பதிவு ஒன்று, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்ததால் வால்யூமை முழுக்க ஏற்றிவிட்டுக் கண்ணை மூடினேன். அடுத்து வந்தது புதுப் பாட்டு. முதல் டிரம் அடியிலேயே ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன், காது வெகுநேரம் கொய்யென்று இரைந்தது. இத்தனைக்கும் தொகுப்பு முழுவதும் நார்மலைஸ் செய்தது, அதாவது சத்தத்தைச் சமப்படுத்தியது, எல்லாப் பாட்டும் டிஜிட்டல் ஒலியின் உச்ச வரம்பான 0 டெசிபலைத் தொடுகிறது. அப்புறம் எப்படி?

மறுமொழி 1
அது உச்சத்தை மட்டும் பார்க்கிற நார்மலைஸ். பழைய பதிவில் ஒரே ஒரு கீறல் ‘டக்’ என்று விழுந்தால் போதும், அது 0-வைத் தொட்டுவிடும், குரல் கீழேயே கிடக்கும். ரீப்ளேகெயின் போடுங்கள். டேவிட் ராபின்சன் 2001-ல் முன்வைத்தது. காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று கணக்கிட்டு, ஏற்ற இறக்க வேண்டிய அளவை டேக்கில், அதாவது கோப்போடு சேர்ந்திருக்கும் தகவல் குறிப்பில், எழுதி வைக்கும், ஒலியைத் தொடாது. எனக்கு நடந்தது: ஒரு மேடைப் பதிவில் கைதட்டலின் நடுவே டிராக் மாறுகிறது, அந்த நொடியில் அதே கைதட்டல் திடீரென்று பொங்கியது. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமப்படுத்தும் டிராக் கெயினை விட்டு, ஆல்பம் முழுவதற்கும் ஒரே அளவு வைக்கும் ஆல்பம் கெயினுக்கு மாற்றியதும் சரியானது.

மறுமொழி 2
டேக், டேக் என்கிறீர்களே, அதைப் படிக்கிற பிளேயர் வேண்டாமா? கம்ப்யூட்டரில் சமமாக ஒலித்த பாட்டுகள் என் காரில் பென்டிரைவைச் செருகியதும் பழையபடி ஏறி இறங்கின. பின் சீட்டில் தூங்கிய அம்மா பதறி எழுந்து, “எதுலயாவது மோதிட்டோமா?” என்று கேட்டது இன்னும் உறுத்துகிறது. எம்பி3 என்றால் எம்பி3கெயின் மென்பொருள்தான். கோப்பின் சிறு துண்டான ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் இருக்கிற கெயின் (சத்த அளவு) எண்ணையே மாற்றும், மறுபடி என்கோட் செய்யாது, தரம் குறையாது, எந்தப் பிளேயரிலும் வேலை செய்யும். 1.5 டெசிபல் படிகளாகத்தான் நகரும், அது போதும். காதுக்குக் கேட்கும் சத்தத்தின் இலக்கை 89 டெசிபலிலேயே விடுங்கள், பேராசைப்பட்டு ஏற்றினால் உச்சம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். இன்னொன்று, பழைய நிலைக்குத் திருப்பும் விவரம் அது கோப்பில் எழுதும் ஏபிஇ வகை டேக்கில்தான் இருக்கும். டேக்குகளைச் சுத்தம் செய்கிற மென்பொருளை அதன்மேல் ஓட்டாதீர்கள்.

முதல் பதிவர்
அலைவடிவத்தைத் திறந்து பார்த்தேன். பாட்டு தொடங்கும் முன்பே, ஊசி வைத்த இடத்தில் ஒற்றைக் கோடு உச்சி வரை நிற்கிறது. முதலில் அதை நீக்க வேண்டும், இல்லையென்றால் உச்சம் வெட்டுப்படாமல் காக்கும் கிளிப்பிங் தடுப்பு அந்த டக்கைப் பார்த்தே பாட்டை ஏற்ற விடாது. நல்லவேளை, இது ஃபிளாக், தரம் இழக்காத கோப்பு வடிவம், திருத்திச் சேமித்தாலும் தரம் குறையாது. நீக்கிவிட்டு ரீப்ளேகெயின் ஓட்டுகிறேன், காருக்குத் தனியாக எம்பி3 பிரதி.