ஃப்ளிப்பர் ரோபோ: 10 பார் வால்வுக்கு 16 பார் கொடுக்கலாமா?

கிண்டி_ஃப்ளிப்பர்

வணக்கம். ரோபோ சண்டைப் போட்டியின் 30 கிலோ பிரிவுக்கு ஒரு ஃப்ளிப்பர் (எதிரியைத் தூக்கி எறியும் ரோபோ) கட்டிக்கொண்டிருக்கிறோம். சிஓ2 பாட்டில், ரெகுலேட்டர், வாயுவைத் தேக்கி வைக்க பட்டறையில் வெல்டு பண்ணிய சின்ன பஃபர் டேங்க், மின்சாரத்தில் திறக்கும் 1/4 அங்குல 5/2 சோலினாய்டு வால்வு, 63 மி.மீ. போர் (உள்விட்டம்) 200 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) சிலிண்டர். 8 பார் அழுத்தத்தில் ஓட்டினால் ஃப்ளிப்பரின் கை எழும்புகிறது, ஆனால் எதிரி ரோபோவைத் தூக்கி எறியாமல் மெதுவாகச் சாய்க்கிறது, அவ்வளவுதான். டீமில் பாதிப் பேர் ரெகுலேட்டரை 16 பாருக்கு ஏற்றிவிடலாம் என்கிறார்கள். வால்வின் மேல் 10 பார் என்று போட்டிருக்கிறதே என்றால், "கம்பெனிக்காரன் எப்படியும் இரண்டு மடங்கு தாங்குகிற மாதிரிதான் செய்திருப்பான்" என்று பதில் வருகிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் எதைச் சொல்லி மறுப்பது என்று தெரியவில்லை. உண்மையில் என்ன ஆகும்? அப்புறம், சேஃப்டி வால்வு எடையைக் கூட்டும், வேண்டாம் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது.

அம்பத்தூர்_மெயின்டனன்ஸ்

தம்பி, ஏற்றாதீர்கள். ஜனாடிக்ஸ், ஃபெஸ்டோ, எஸ்.எம்.சி. எதுவானாலும் டேட்டாஷீட்டை எடுத்து வேலை அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண் வரைதான் கம்பெனி பொறுப்பு. அதற்கு மேல் இருக்கும் தாங்குசக்தி தேய்மானத்துக்கும் அதிர்ச்சிக்கும் விட்டுவைத்தது, நீங்கள் எடுத்துச் செலவழிக்க இல்லை. அதுவும் சண்டை ரோபோவில் ஒவ்வொரு மோதலும் அந்த ஃபிட்டிங்கை உலுக்குகிறது.

16 பாரில் பாடி வெடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கு முன்னாலேயே வால்வு ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம். இந்த மாதிரி வால்வில் காயில் (மின்காந்தச் சுருள்) நேரடியாக ஸ்பூலை (காற்றின் பாதையை மாற்றும் உள் தண்டை) தள்ளுவதில்லை, சின்ன பைலட் துளையை மட்டும் திறக்கிறது, காற்றுதான் ஸ்பூலை நகர்த்துகிறது. அந்தத் துளையை மூடியிருக்கும் பிளஞ்சரைச் சில வால்வுகளில் அழுத்தமே கீழே பிடித்து வைத்திருக்கும். அழுத்தம் இரண்டு மடங்கானால் பிடியும் இரண்டு மடங்கு, காயிலின் இழுவிசை மட்டும் அதேதான். பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும் நேரத்தில் பட்டனை அழுத்துவீர்கள், கை எழும்பாது. எல்லோரும் பழுது என்று நினைத்து ரோபோவுக்குப் பக்கத்தில் போகும்போது திடீரென்று அடிக்கும். நான் பயப்படுவது அதற்குத்தான். 8 பாரிலேயே உங்கள் பிஸ்டன் தள்ளும் விசை கிட்டத்தட்ட 250 கிலோ எடைக்குச் சமம், மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, வால்வு டபுள் காயிலா சிங்கிள் காயிலா என்று பாருங்கள். டபுள் காயில் என்றால் சிக்னல் போனாலும் கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். சிங்கிள் காயில், ஸ்பிரிங் ரிட்டர்ன் போடுங்கள், கரண்ட் போனால் கை கீழே வந்துவிடும்.

பிட்_செக்கிங்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் வால்வு எவ்வளவு தாங்கும் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. ரெகுலேட்டர் பழுதானால் என்ன? அதன் சீட்டில் ஒரு துகள் சிக்கினாலோ, சிஓ2 விரிவடையும் குளிரில் ஓ-ரிங் இறுகினாலோ, 8 பாரில் நிற்க வேண்டிய அழுத்தம் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். பாட்டிலுக்குள் இருப்பது 20 டிகிரியில் சுமார் 57 பார். இது ஊட்டி இல்லை, சென்னை. 31 டிகிரிக்கு மேல் சிஓ2 திரவமாகவே இருக்க முடியாது. முழுசாக நிரப்பிய பாட்டிலை மே மாத வெயிலில் மூடிய வேனுக்குள் விட்டால் 100 பாரைச் சுலபமாகத் தாண்டும். அந்த அழுத்தம் 10 பார் வால்வுக்கும் 10 பார் பியூ (பாலியூரிதேன்) டியூபுக்கும் வந்து சேர்ந்தால் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பியூ டியூபின் தாங்குசக்தி சூட்டில் இன்னும் குறையும்.

ஆகவே ரெகுலேட்டருக்கு அடுத்து ரிலீஃப் வால்வு (நீங்கள் சொன்ன சேஃப்டி வால்வுதான்) கட்டாயம். 1/4 அங்குல பித்தளை வால்வு, 100 கிராம்கூட வராது, செம்புதாஸ் தெருவிலோ லிங்கிச் செட்டித் தெருவிலோ தேடினால் கிடைக்கும். 8 பாரில் ஓட்டினால் ரிலீஃபை 9-க்கு வையுங்கள், சோலினாய்டு வால்வின் எல்லை 10. இந்த இடைவெளி இருக்க வேண்டும். ரெகுலேட்டர் முழுசாகத் திறந்துகொண்டால் வரும் அத்தனை வாயுவையும் அந்தச் சின்ன வால்வால் வெளியே விட முடியுமா என்றும் பாருங்கள், முடியாதென்றால் ரெகுலேட்டருக்கு முன்னால் சின்னத் துளை ஒன்று வைத்து வாயு வரும் அளவைக் குறையுங்கள். பாட்டிலை எப்போதும் வாய் மேல்பக்கமாக இருக்கும்படி பொருத்துங்கள், திரவம் ரெகுலேட்டருக்குள் போகக் கூடாது. பாட்டிலின் தோளில் குத்தியிருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) தேதி 5 வருடத்தைத் தாண்டியிருந்தால் நிரப்பவே வேண்டாம்.

பட்டறை டேங்க் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. அதைக் காற்றில் சோதிக்காதீர்கள். காற்றை முழுசாக வெளியேற்றி, தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுங்கள். 10 பாரில் 1 லிட்டர் தண்ணீரில் தேங்கும் ஆற்றல் 1 ஜூல்கூட இல்லை, அதே அளவு காற்றில் 1000 ஜூலை ஒட்டி இருக்கும். வெல்டு விட்டால் தண்ணீர் பீச்சும், காற்று உலோகத் துண்டை எறியும். அந்தச் சோதனை முடியும் வரை வாயு ஏற்றவே வேண்டாம்.

பல கல்லூரி ரோபோவார்களில் 8 பார்தான் உச்சம், உங்கள் போட்டியின் விதியையும் பாருங்கள். 16 பாரோடு வந்தால் பிட்டிலேயே (போட்டிக்கு முன் ரோபோவைச் சோதிக்கும் இடத்திலேயே) திருப்பி அனுப்புவார்கள்.

போர்ட்_சைஸ்

உங்கள் பிரச்சினை அழுத்தமே இல்லை, ஓட்டம். கணக்குப் போடுங்கள். 63 போர், 200 ஸ்ட்ரோக் என்றால் சுமார் 0.62 லிட்டர். 8 பார் கேஜ் என்றால், வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்து, சாதாரணக் காற்றளவில் 5.6 லிட்டர் உள்ளே போக வேண்டும். 1/4 அங்குல வால்வு நிமிடத்துக்கு 1200 லிட்டர் விடுகிறது என்று வைத்தால் நிரம்பவே கால் விநாடிக்கு மேல். எறிவதற்கு அது ரொம்ப அதிகம். கேஜில் 8 காட்டினாலும் பிஸ்டன் ஓடும்போது சிலிண்டருக்குள் அவ்வளவு இருக்காது. சந்தேகமென்றால் சிலிண்டர் போர்ட்டிலேயே ஒரு பிரஷர் சென்சார் மாட்டிப் பாருங்கள்.

1/2 அங்குல வால்வு போடுங்கள், டேங்க்கை வால்வை ஒட்டியே வையுங்கள், டியூபைத் தடியாகவும் குட்டையாகவும் ஆக்குங்கள். ராட் (பிஸ்டன் தண்டு) பக்கத்துக் காற்று வெளியேற வழியில்லாமல் எதிர்த்து நிற்கிறது, அந்தப் போர்ட்டில் காற்றை உடனே வெளியே விடும் குவிக் எக்ஸாஸ்ட் வால்வு மாட்டினாலே வித்தியாசம் தெரியும். டெஃப்லான் டேப்பை முதல் இழை விட்டுச் சுற்றுங்கள், துணுக்கு உள்ளே போனால் பைலட் துளை அடைக்கும்.

கிண்டி_ஃப்ளிப்பர்

ரொம்ப நன்றி. இந்தப் பதில்களை அப்படியே டீம் குரூப்பில் போட்டிருக்கிறேன், 16 பார் பேச்சு நின்றுவிட்டது. டேங்க்கைத் தண்ணீரில் சோதிக்கிறோம், ரிலீஃபும் வாங்குகிறோம். ஒரு சந்தேகம்: அழுத்தத்தை இறக்கும் டம்ப் வால்வை பாட்டில் பக்கம் ஒன்று வைத்தால் போதுமா?

பிட்_செக்கிங்

போதாது. பாட்டிலை மூடினாலும் பஃபர் டேங்க்கில் அழுத்தம் அப்படியே நிற்கும், நடுவில் செக் வால்வு (ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வு) இருந்தால் அதற்கு அந்தப் பக்கமும் தனியாக மாட்டிக்கொள்ளும். வாயு சிக்கக்கூடிய ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு இறக்கும் வழி, ஒரு கேஜ். அந்த வால்வின் பிடி பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியே இருக்கட்டும், ஃப்ளிப்பர் கைக்கு மேலே குனிந்து யாரும் திறக்க வேண்டிய நிலை வரக் கூடாது. கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகு ஃப்ளிப்பர் கையில் லாக்கிங் பாரை (கை அசையாமல் பூட்டும் கம்பியை) செருகிவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.