செலினியம் டெஸ்ட்டுகளை மொத்தமாகத் தூக்கிவிடலாமா?

பேக்எண்ட்காரன்:
டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் பதிவு செய்யும் இணையதளம், ஐந்து பேர் டீம். 340 செலினியம் டெஸ்ட் (பிரவுசரை ஆள் இல்லாமல் இயக்கிச் சோதிப்பவை) இருக்கிறது, ஓடி முடிய இரண்டு மணி நேரம், தினமும் காலையில் பத்துப் பதினைந்து சிவப்பில் (தோல்வியில்) நிற்கும், திரும்ப ஓட்டினால் பாதி தானாகப் பச்சையாகிவிடும். இதைப் பார்த்துப் பழகி, இப்போது உண்மையான பக் வந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அத்தனையையும் நீக்கிவிட்டு யூனிட் டெஸ்ட்டும் (நிரலின் சிறு துண்டைத் தனியாகச் சோதிப்பது) கொஞ்சம் ஏபிஐ டெஸ்ட்டும் (திரை இல்லாமல் சர்வரிடம் நேராகக் கேட்டுச் சோதிப்பது) போதும் என்கிறேன். டெஸ்ட் பிரமிடில் அடியில் யூனிட் நிறைய, உச்சியில் பிரவுசர் டெஸ்ட் கொஞ்சம் என்று போட்டிருப்பார்களே, அந்த உச்சியும் நமக்கு வேண்டாம். கூடாது என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

கியூஏ_மதுரை:
கூடாது. நீங்கள் எழுதும் யூனிட் டெஸ்ட் நீங்கள் யோசித்ததைத்தான் சோதிக்கும், யோசிக்காமல் விட்டதை எப்படிச் சோதிக்கும்? நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கவரேஜ் (நிரலில் டெஸ்ட் தொடும் பங்கு) 90 சதவீதத்துக்கு மேல். ரிலீஸுக்கு முந்தின நாள் சும்மா உட்கார்ந்து 'கோமதி' என்று தமிழில் தட்டித் தேடினேன், பட்டியலில் கண்ணெதிரே இருக்கிற பெயர் தேடலில் வரவில்லை. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், டேட்டாபேஸுக்கு அவை வேறு வேறு சொற்கள். பழைய கோப்பிலிருந்து ஏற்றிய பெயர்கள் இரண்டாம் வகை, கீபோர்டில் தட்டியது முதல் வகை. அத்தனை யூனிட் டெஸ்ட்டும் பச்சையாக இருந்தது, ஏனென்றால் டெஸ்ட் டேட்டா முழுக்க ஆங்கிலப் பெயர்கள்.

பேக்எண்ட்காரன்:
நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றினால் தீர்ந்தது, அதற்கு மூன்று வரியில் யூனிட் டெஸ்ட் எழுதலாம், கண் இமைப்பதற்குள் ஓடி முடியும். இதற்காகப் பிரவுசரைத் திறந்து, லாகின் செய்து, பெட்டியைத் தேடி, தட்டி, நாற்பது நொடி காத்திருக்க வேண்டுமா?

கியூஏ_மதுரை:
தெரிந்த பிறகு யூனிட் டெஸ்ட் போதும், அதில் சண்டை இல்லை. தெரியவந்தது எப்படி? ஒரு ஆள் உட்கார்ந்து தட்டிப் பார்த்ததால். புதிய பக்கைத் தேடுவது ஒரு வேலை, பிடித்த பக் திரும்ப வராமல் காவல் காப்பது வேறு வேலை. முதலாவதை எந்த ஸ்கிரிப்ட்டும் உங்களுக்காகச் செய்யாது. காவலுக்கும் பிரவுசர்தான் வேண்டும் என்கிற இடம் உண்டு. போனில் குக்கி அனுமதிப் பட்டை 'பணம் செலுத்து' பட்டனை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன், ஏபிஐ எல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னது, ஆனால் போனில் வந்தவர்கள் ஒருவராலும் பணம் கட்ட முடியவில்லை.

அப்புறம், உங்கள் டெஸ்ட்டுகள் ஏன் இப்படி ஆடுகின்றன என்று பார்த்தீர்களா? ஸ்லீப் மூன்று நொடி (பக்கம் தயாரோ இல்லையோ அவ்வளவு நேரம் காத்திரு) என்று எழுதி வைத்திருப்பீர்கள், இல்லையென்றால் எல்லாம் ஒரே லாகினைப் பகிர்ந்துகொண்டு ஒன்றின் டேட்டாவை இன்னொன்று கெடுக்கும். பட்டன் வரும்வரை காத்திருக்கும்படி எழுதுங்கள் (பிளேரைட் என்ற பிரவுசர் டெஸ்ட் கருவியில் அது தானாகவே நடக்கும்), ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனி நோயாளிக் கணக்கை உருவாக்குங்கள். எழுதிய விதத்தில் இருக்கிற கோளாறுக்குப் பிரவுசர் டெஸ்ட்டையே குற்றம் சொல்லாதீர்கள்.

இரவுஷிஃப்ட்:
நீங்கள் இருவரும் ஒரு ஆள் வந்தால் வேலை செய்யுமா என்றே பேசுகிறீர்கள். இரவு மூன்று மணிக்கு எழுந்து சர்வரைப் பார்ப்பவன் நான், என் கவலை கூட்டம். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் வெறும் 6 பேர். காப்பீட்டுத் திட்டங்களைப் பார்ப்பதற்கே முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள், வந்த கூட்டம் முழுக்க அந்த ஒரே வாசலில் சிக்கிக்கொண்டது. முழு அமைப்பையும் சேர்த்து வைத்துச் சோதித்தது கடைசி இரண்டு வாரத்தில்தான் என்று ஒப்பந்தக்காரர்களே நாடாளுமன்றக் குழு முன் சொன்னார்கள். பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புது அமைப்புக்கு மாறியது, இரண்டு டேட்டா சென்டரில் ஒன்றில்தான் லோடு சோதனை (கூட்டத்தைத் தாங்குமா என்ற சோதனை) செய்திருந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் கணக்குக்குள்ளேயே போக முடியவில்லை, 2022 டிசம்பரில் 4.865 கோடி பவுண்டு அபராதம்.

பேக்எண்ட்காரன்:
அரசாங்கத்தையும் வங்கியையும் எங்களோடு ஒப்பிட்டால் எப்படி? எங்களுக்கு ஒரு நாளைக்கு 200 பதிவு வந்தாலே பெரிது.

இரவுஷிஃப்ட்:
அந்த 200 பேரும் எந்த நிமிடம் வருகிறார்கள் என்பதைப் பாருங்கள். தட்கலில் ஏசி டிக்கெட்டுக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி என்றால் அந்த நொடியில் என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் டாக்டருக்கும் ஏதோ ஒரு மணிக்குத்தானே டோக்கன் திறக்கும்? ஜேமீட்டர் என்ற லோடு சோதனைக் கருவியில் 200 பேரை ஒரே நிமிடத்தில் விட்டுப் பார்க்க அரை நாள் வேலைகூட இல்லை.

இன்னொன்று. ஒரே நேரத்தை இரண்டு பேர் ஒரே சமயத்தில் அழுத்தினால்? 'காலியாக இருக்கிறதா' என்று இருவருக்கும் பார்த்துவிட்டு இருவருக்கும் பதிவாகிவிடும். டேட்டாபேஸை மாக் செய்த (அதற்குப் பதில் போலியை வைத்த) யூனிட் டெஸ்ட்டில் இது ஜென்மத்துக்கும் தெரியாது. நிஜ போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை வைத்து இரண்டு கனெக்‌ஷனில் ஒரே நேரத்தில் அடித்துப் பாருங்கள், டேபிளில் யூனிக் கட்டுப்பாடு (ஒரே நேரம் இரண்டு முறை பதிவாகாமல் தடுப்பது) இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும்.

கியூஏ_மதுரை:
ஆமாம். அதோடு, லாகின் செய்துவிட்டு யூஆர்எல்லில் இருக்கும் பதிவு எண்ணை ஒன்று கூட்டிப் பாருங்கள், பக்கத்து நோயாளியின் விவரம் வருகிறதா என்று. இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2021இல் போட்ட பட்டியலில் முதலிடமே இந்த வகைப் பிழைக்குத்தான்.

திரைவாசிப்பான்:
நான் பார்வையற்றவன், திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை வைத்துத்தான் இணையம் பார்க்கிறேன். இதுபோன்ற தளங்களில் தேதி தேர்ந்தெடுக்கும் காலண்டரில் நான் நின்றுவிடுகிறேன், டாப் கீயில் உள்ளே போக முடியாது, போனாலும் 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டும் வாசிக்கும், எது எந்தத் தேதி என்று தெரியாது. தானியங்கிச் சோதனை கருவிகள் பெயர் இல்லாத பட்டனைக் காட்டிக் கொடுக்கும், ஆனால் வைத்த பெயருக்கு அர்த்தம் இருக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பதிவை முடித்துப் பாருங்கள் ஐயா. பத்து நிமிடம் போதும். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவதற்கு நான் இன்னொருவரிடம் போனைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பேக்எண்ட்காரன்:
காலண்டரை இப்போதுதான் கீபோர்டில் முயன்றேன். எங்களுடையதும் அப்படித்தான் நிற்கிறது. இன்று மாலை டீமில் சொல்கிறேன், மன்னிக்கவும்.

இரட்டைப் பதிவுக்கு நிஜ டேட்டாபேஸ் டெஸ்ட், லோடு டெஸ்ட், இரண்டையும் ஏற்கிறேன். பிரவுசரில் பதிவு, பணம், ரத்து மூன்றுக்கும் சேர்த்துப் பதினைந்து டெஸ்ட் வைத்துக்கொள்கிறேன். மீதி 325 போகும், அதில் என் முடிவு மாறவில்லை.

கியூஏ_மதுரை:
நீக்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். கடந்த ஆறு மாதத்தில் எந்த டெஸ்ட் சிவந்து அதனால் நிரல் மாறியது என்று கிட்டில் (நிரல் மாற்றங்களின் பதிவில்) தேடிப் பாருங்கள். 325இல் நாற்பது அப்படித் தேறினால் நாற்பதையும் விட மாட்டேன், ஒன்றுமே தேறவில்லையென்றால் நானே நீக்கச் சொல்கிறேன். பட்டியலை இங்கேயே போடுங்கள்.