தோள் நோவோடு எப்படிப் படுக்கிறீர்கள்?

போன வருஷம் கச்சான் காற்று தொடங்கிய நேரம் எனக்கு வலது தோளில் நோ வந்தது. பகலில் பெரிதாகத் தெரியாது. தேங்காய் துருவும்போதும் கொடியில் உடுப்புப் போடும்போதும் சுள்ளென்று இழுக்கும், அவ்வளவுதான். இராத்திரி படுத்தால் கதை வேறு. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் உளைவு எழுப்பிவிடும். திருகோணமலை வெக்கையில் அப்படி எழும்பினால் பிறகு நித்திரை எங்கே?

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் மாறி மாறித் தோளில் ஊற்றினேன். பஸ்ஸில் திரும்பி வரும்வரை சுகம். அன்று இராத்திரியே பழைய குருடி கதவைத் திறடி.

கிளினிக்கில் டொக்டர் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோகச் சொன்னார். இடுப்புக்கு மேலே ஏறவில்லை. தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து இறுகிவிட்டதாம். 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில், அதுவும் பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும், கூடுதலாக வருமாம். முதலில் நோ, அப்புறம் இறுக்கம், அதன்பிறகுதான் மெல்லத் தளரும். ஒன்று முதல் மூன்று வருஷம்கூட எடுக்கலாம் என்றார். சீனி பார்க்கவும் எழுதித் தந்தார். அது தனிக்கதை.

"எப்படிப் படுக்கிறீங்க?" என்று முதலில் கேட்டது பிசியோதெரபி பிள்ளைதான். கட்டிலில் படுத்துக் காட்டினேன். மல்லாந்து படுத்தால் முழங்கை மெத்தைவரை கீழே போகிறது, அது தோளின் முன்பக்கத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று தொட்டுக் காட்டினா. ஒரு துவாயை மடித்து மேற்கைக்கும் முழங்கைக்கும் கீழே வைத்தா. அட, அந்த இழுவை அப்படியே நின்றது! இடது பக்கம் சரிந்தால் தலையணையைக் கட்டிப்பிடித்து, வலது கை முழுவதையும் அதன்மேல் வைக்க வேண்டும். கை நெஞ்சுக்குக் குறுக்கே தொங்கக் கூடாது. குப்புறப் படுக்கவும் தலைக்கு மேல் கை போடவும் வேண்டாம் என்றா.

வீட்டில் துவாய் வழுகியது, தலையணை உயரம் கூடிவிட்டது. கடைசியில் பழைய சேலை ஒன்றை எட்டாக மடித்து வைத்தேன். அன்று மீன்காரரின் ஹோர்ன் சத்தத்துக்குத்தான் கண் விழித்தேன். நோ போய்விடவில்லை. நித்திரை திரும்பி வந்தது.

உங்களுக்கு எது சரிவந்தது?

—

அக்கா, நாங்க கிண்ணியா. வலை இழுத்து வாப்பாவுக்குத் தோள் தசைநார் கிழிந்துவிட்டது. அவருக்குத் தட்டையாகப் படுக்கவே ஏலாது. மூன்று கிழமை சாய்மனைக் கதிரையில்தான் நித்திரை, கைக்குக் கீழே உம்மாவின் தலையணை. கட்டிலுக்குத் திரும்பியபோதும் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் படுத்தார். சேலை யோசனையைச் சொல்லியிருக்கிறேன், சிரிக்கிறார்.

—

ஒன்று சொல்ல வேண்டும். என் மாமாவும் இடது தோள் நோ, படுத்த விதம் சரியில்லை என்றுதான் நினைத்தார். வியர்த்துக் கொட்டி நெஞ்சும் இறுகியபோது அத்தை தைலத்தை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தா. மாரடைப்பு. அப்படி வந்தால் தலையணை தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

—

கிண்ணியாத் தம்பி, வாப்பாவிடம் சொல்லுங்கள், பருத்திச் சேலையாக இருக்க வேண்டும். நைலெக்ஸ் என்றால் விடியும்போது கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கும்.