காசு வாங்காமல் கேமுக்கு உழைப்பவர்களிடம் என்ன எழுதி வாங்க வேண்டும்?

பிக்சல்குருவி

வணக்கம் நண்பர்களே. பொழுதுபோக்காக ஐந்து பேர் சேர்ந்து ஒரு 2டி புதிர் கேம் செய்கிறோம். நிரல் இரண்டு பேர், படங்கள் ஒருவர், இசை ஒருவர், வசனம் ஒருவர். யாருக்கும் சம்பளம் இல்லை. முதலில் இலவசமாக விடுவோம், பிறகு ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் விலை வைத்தும் போடலாம். இதுவரை எல்லாம் டிஸ்கார்டில் பேசிக்கொண்டதுதான், எழுத்தில் ஒன்றும் இல்லை.

இசை செய்பவர் நேரமில்லை என்று விலகப்போகிறார், சண்டை எதுவும் கிடையாது. அவருடைய 11 இசைத் துணுக்குகள் கேமில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொள்ளலாமா? மற்றவர்களிடம் என்ன எழுதி வாங்குவது? முழு உரிமையையும் எழுதி வாங்கிவிடு என்கிறார்கள் சிலர். காசே கொடுக்காமல் அப்படிக் கேட்க மனம் வரவில்லை.

உரிமவாசகன்

இசையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். நல்லபடியாகப் பிரியும்போது ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கையெழுத்து, ஆறு மாதம் கழித்துக் கிடைக்காமல் போகலாம்.

ஒரு படைப்பு உருவான நொடியிலேயே அதன் பதிப்புரிமை உருவாக்கியவருக்குச் சேர்ந்துவிடும். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் பதிவுகூட வேண்டாம். அவர் ஃபைலை உங்கள் ஃபோல்டரில் போட்டதால் உரிமை கை மாறாது. ‘கேமுக்காகத்தானே கொடுத்தார், அதனால் அனுமதி உண்டு’ என்று வாதாடலாம். ஆனால் அந்த அனுமதி இலவசப் பதிப்புக்கு மட்டுமா, விற்பனைக்குமா, டிரெய்லருக்குமா என்று கேட்டால் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இப்படி ஒரு பத்தி போதும்:

‘இணைப்புப் பட்டியலில் உள்ள 11 ஒலிக்கோப்புகளையும் நானே உருவாக்கினேன். இவற்றை இந்த கேமிலும், அதன் பிற்காலப் பதிப்புகளிலும், வேறு தளங்களுக்கான பதிப்புகளிலும், விளம்பரக் காணொளிகளிலும், இலவசமாகவோ விலைக்கோ, உலகம் முழுவதும், பதிப்புரிமை நீடிக்கும் காலம்வரை பயன்படுத்தவும், வெட்டவும் மாற்றவும் அனுமதி தருகிறேன். நான் குழுவை விட்டு விலகினாலும், கேம் வெளிவரத் தாமதமானாலும் இது செல்லும். உரிமை என்னிடமே இருக்கும்.’

‘உலகம் முழுவதும்’, ‘காலம்வரை’ இரண்டையும் அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். எழுதி வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்றும் அதே பிரிவு சொல்கிறது, வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. பொழுதுபோக்கு கேம் எதுவும் ஓராண்டில் முடிவதில்லை. ‘தாமதமானாலும்’ என்ற சொல் அதற்காகத்தான்.

பட்டியலில் ஃபைல் பெயர், நீளம், தேதி மூன்றும் வேண்டும். ‘என் இசை எல்லாம்’ என்று பொதுவாக எழுதினால் எந்தப் பதிப்பு என்று பின்னால் குழப்பம் வரும். சுருக்காத வேவ் ஃபைல்களையும், வாத்தியம் வாரியாகப் பிரித்த டிராக்குகளையும் இப்போதே வாங்கி வையுங்கள். ஒரு கட்டத்தின் நீளம் மாறினால் இசையை வெட்ட அவைதான் உதவும்.

இன்னும் மூன்று கேள்விகள் அவரிடம் கேளுங்கள். வெளியிலிருந்து சாம்பிள் (பிறர் பதிவுசெய்த ஒலித்துண்டு) எடுத்தாரா, எந்தத் தொகுப்பு, அதன் லைசென்ஸ் கேமில் விற்க விடுகிறதா? இசை உரிமைச் சங்கம் எதிலாவது உறுப்பினரா? உறுப்பினர் என்றால் சில உரிமைகள் ஏற்கெனவே சங்கத்திடம் போயிருக்கலாம், அவற்றை அவரால் உங்களுக்குத் தர முடியாது. இந்த இசையை யூடியூப் கன்டென்ட் ஐடியில் (காணொளிகளில் வரும் இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் அமைப்பு) ஏற்றுவாரா? ஏற்றினால், உங்கள் கேமை விளையாடிக் காட்டுபவர்களின் காணொளிகள் மீது உரிமைக் கோரிக்கை விழும். ஏற்றமாட்டேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மூன்றாம்வரி

முழு உரிமை கேட்க வேண்டாம் என்ற உங்கள் எண்ணம் சரி. ஜெர்மனி போன்ற நாடுகளில் பதிப்புரிமையை அப்படியே மாற்றித் தரவே முடியாது, பயன்படுத்தும் உரிமையைத்தான் தரலாம். குழு வேறு வேறு நாடுகளில் இருந்தால் அனுமதிப் பத்திரம்தான் எங்கும் ஓடும்.

ஆனால் கைம்மாறு என்று, அதாவது அனுமதிக்குப் பதிலாக நீங்கள் தருவது என்று, ஏதாவது ஒன்றைப் பத்திரத்தில் காட்டுங்கள். ஆங்கிலேயச் சட்ட மரபு உள்ள இடங்களில், ஒரு பக்கம் மட்டும் கொடுக்கும் வாக்குறுதி ஒப்பந்தமாக நிற்காது, வெறும் அனுமதியைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. கைம்மாறு பணமாக இருக்க வேண்டியதில்லை. கிரெடிட்ஸில் எந்தப் பெயர், என்ன எழுத்துக்கூட்டல், எந்தப் பணித் தலைப்பு. கேமின் எத்தனை பிரதிகள். தன் வேலையை போர்ட்ஃபோலியோவில் காட்டும் உரிமை. இவை போதும். உழைத்தவருக்குப் பெயர் போடுவது தயவு இல்லை, கடமை. அதைப் பத்திரத்திலேயே கட்டாயமாக்குங்கள்.

இசைக்குத் தனியுரிமை, அதாவது வேறு யாருக்கும் தரக்கூடாது என்ற உரிமை, வேண்டாம். கதாபாத்திரப் படங்களுக்கு மட்டும் கேளுங்கள், அதே நாயகன் இன்னொரு கேமில் வந்து நின்றால் சிக்கல். அதற்கும் ஒரு எல்லை வைக்கலாம்: 3 ஆண்டில் கேம் வெளிவராவிட்டால் தனியுரிமை கழன்று, சாதாரண அனுமதியாகத் தொடரும்.

கிளைமாற்றி

நிரலுக்கு வேறு வழி. நிரலைச் சேர்த்துவைக்கும் ரெப்போவில் லைசென்ஸ் ஃபைல் ஒன்றை இன்றே போடுங்கள். எம்ஐடி, ஜிபிஎல் இரண்டும் திறந்த மூல லைசென்ஸ்கள். எம்ஐடி என்றால் பின்னால் விற்கத் தடை இல்லை. ஜிபிஎல்லிலும் விற்கலாம், ஆனால் மூல நிரலைத் தர வேண்டும், ஸ்டீமின் மூடிய எஸ்டிகேயை (ஸ்டீம் தரும் நிரல் கருவித் தொகுப்பு) அதனோடு இணைப்பதும் உரசும். படைப்புகளைப் பகிர்வதற்கான கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸை நிரலுக்குப் போடாதீர்கள், அந்த அமைப்பே அதைப் பரிந்துரைப்பதில்லை. படங்களுக்குப் போடலாம், ஆனால் ‘வணிகமற்ற’ வகை வேண்டாம். அந்த வகையில் வந்த ஒரே ஒரு படம் உள்ளே இருந்தாலும் விலை வைக்கும் நாளில் அதைத் தேடிப் பிடுங்க வேண்டிவரும்.

பங்களிப்பவர் தன் வேலைதான் என்று உறுதி சொல்ல, லினக்ஸ் கெர்னல் 2004 முதல் பயன்படுத்தும் டிசிஓ (இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற பங்களிப்பாளர் உறுதிமொழி) முறை போதும். ஒவ்வொரு கமிட்டிலும் (ரெப்போவில் பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும்) ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி சேரும், அவ்வளவுதான். இன்னொன்று: நிரலர் வேலைக்குப் போகிறவர் என்றால் அலுவலக ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதியதும் தங்களுடையது என்று சொல்லும் ஒப்பந்தங்கள் உண்டு.

பிக்சல்குருவி

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். வசனம் எழுதுபவருக்கு வயது 16. அடுத்து, விற்றால் வருவதைப் பகிர்ந்துகொள்வோம் என்று ஒரு வரி சேர்க்கலாமா?

மூன்றாம்வரி

16 வயதுக்காரர் போடும் கையெழுத்து சில நாடுகளில் செல்லவே செல்லாது, சில நாடுகளில் அவர் பின்னால் ரத்து செய்யலாம். பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். 18 ஆனதும் அவரே ஒருமுறை உறுதிசெய்து எழுதித் தரட்டும்.

பங்கு விஷயத்தில் ‘பகிர்ந்துகொள்வோம்’ என்ற ஒற்றை வரி மிக ஆபத்தானது. லாபத்தைப் பிரிப்பதாக எழுதினால் பல நாடுகளில் நீங்கள் ஐவரும் கூட்டு வணிகப் பங்காளிகள் என்று ஆகலாம், ஒருவர் வைத்த கடன் எல்லோர் தலையிலும் விழும். பங்கு தருவதாக இருந்தால் எண்ணில் எழுதுங்கள். 100 விற்றால் ஸ்டீம் வழக்கமாக 30 எடுக்கும், அதோடு திரும்பக் கொடுத்த பணமும் வரியும் போகும். மிச்சத்தில் யாருக்கு எத்தனை சதவீதம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்தத் தொகைக்குக் கீழ் அனுப்பாமல் சேர்த்துவைப்பது, விலகியவருக்கு உண்டா இல்லையா. இவற்றுக்கு விடை இல்லாவிட்டால் ‘பணம் கிடையாது, பங்கும் கிடையாது’ என்று தெளிவாக எழுதுவதே நேர்மை.

உரிமவாசகன்

ஒன்று விட்டுப்போனது. அனுமதியை யாருக்குத் தருவது? ‘குழுவுக்கு’ என்று எழுதாதீர்கள், பதிவு செய்யாத குழு சட்டப்படி ஓர் ஆள் இல்லை. ஸ்டீம் கணக்கு யார் பெயரில் திறக்கப் போகிறீர்களோ அவர் பெயரை எழுதி, ‘இந்த கேமுக்காகப் பின்னால் தொடங்கும் நிறுவனத்துக்கு இதை மாற்றித் தரலாம்’ என்று சேருங்கள். இசை செய்பவரின் பத்திரத்திலும் இந்த வரி இருக்கட்டும், அவர் விலகிய பிறகு மறுபடி அவரைத் தேட வேண்டியிருக்காது.